நெஞ்சு வலிக்கு வாட்ச் போதுமா? ஏற்காட்டை வைத்து ஓர் அலசல்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 30 கிலோமீட்டர்தான். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு, சனி ஞாயிறென்றால் சுற்றுலா வண்டிகள் வேறு. மாரடைப்பில் நேரம் போகப் போக இதயத் தசை செத்துக்கொண்டே வரும். அதனால் வண்டி ஏறும் முன்பே இ.சி.ஜி. எடுத்துவிட முடியுமா என்பதுதான் மலையில் இருப்பவருக்கு முதல் கேள்வி. ஸ்மார்ட் வாட்ச், ஆஸ்பத்திரியின் 12 லீடு இ.சி.ஜி. (லீடு என்பது இதயத்தைப் பார்க்கும் ஒரு கோணம்), அதைப் படித்துச் சொல்லும் ஏ.ஐ. என்று மூன்றையும் இப்போது ஒரே மூச்சில் பேசுகிறார்கள்.

முதலில் வாட்ச். ஆப்பிள் வாட்சில் இ.சி.ஜி. வந்தது 2018-இல். மறு கையின் விரலை அதன் திருகில் 30 விநாடி வைத்தால் ஒரே ஒரு லீடு பதிவாகும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற தாறுமாறான துடிப்பைப் பிடிக்க அது போதும். பக்கவாதத்துக்கு வழிவிடும் கோளாறு அது. வந்து வந்து போகும், நாம் டாக்டர் முன்னால் உட்காரும்போது காணாமல் போயிருக்கும். எந்நேரமும் கையில் கிடக்கும் கருவிக்கு அங்கே மதிப்பு உண்டு.

நெஞ்சு வலிக்கு அது உதவாது. இதயத்தின் அடிச்சுவரில் அடைப்பு என்றால் 2, 3, ஏ.வி.எஃப். லீடுகளில் தெரியும், முன்சுவர் என்றால் மார்பில் ஒட்டும் லீடுகளில். வாட்ச் காட்டுவது முதல் லீடு மட்டும். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே திரையில் ‘சைனஸ் ரிதம்’, அதாவது சீரான துடிப்பு, என்று வரலாம். மாரடைப்பைக் கண்டறியாது என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. அதை யார் படிக்கிறார்கள்? மகன் வாங்கிக் கொடுத்த வாட்ச் ‘நார்மல்’ என்றுவிட்டது என ஒருவர் வீட்டிலேயே படுத்துவிட்டால், வாட்ச் இல்லாதவரை விட அவர் நிலைமை மோசம்.

மலையில் என் ஓட்டு 12 லீடுக்குத்தான். “சட்டையைக் கழட்டிட்டுப் படுங்கய்யா” என்று நர்ஸ் சொன்னதிலிருந்து காகிதம் வெளியே வர ஐந்து நிமிடம் போதும். பத்து இடங்களில் ஒட்டி, பன்னிரண்டு கோணத்தில் பார்க்கிறார்கள். சிவப்பு ஒயர் வலது கை, மஞ்சள் இடது கை, பச்சை இடது கால், கறுப்பு வலது கால். வலியில் வியர்த்துக் கொட்டியவர் மார்பில் கப் நிற்காது. துடைத்து, ஜெல் தடவி மறுபடி வைக்க வேண்டும். மார்பு லீடுகளில் வி1, வி2 இரண்டையும் நான்காவது விலா இடைவெளியில் வைக்காமல் ஒரு படி மேலே வைப்பது எல்லா ஊரிலும் நடக்கிற தவறு.

எடுத்த இ.சி.ஜி.யை வாட்ஸ்அப்பிலாவது கீழே இதய டாக்டருக்கு அனுப்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது. சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரிய மையத்தோடு இணைத்து, முதலில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, அப்புறம் ஆஞ்சியோ என்ற முறையைத் தமிழ்நாட்டில் நான்கு தொகுப்புகளில் நடத்திப் பார்த்தார்கள். முடிவுகள் 2017-இல் வெளிவந்தன: ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். தமிழ்நாடு அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டம் வந்த 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் சேர்த்து 14 மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். இதற்கு வாட்சும் வேண்டாம், ஏ.ஐ.யும் வேண்டாம்.

அப்படியானால் ஏ.ஐ. எதற்கு? மனிதக் கண்ணுக்குத் தெரியாததைச் சொல்ல. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 22,641 பேரை வைத்து நடந்த சோதனை 2021-இல் வெளிவந்தது. இதயத்தின் பம்பிங் குறைந்திருப்பதைச் சாதாரண இ.சி.ஜி.யிலிருந்தே ஏ.ஐ. ஊகித்துச் சொல்ல, அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 1.6 சதவீதத்திலிருந்து 2.1 சதவீதம் ஆனார்கள். பெங்களூரின் ட்ரைகாக் நிறுவனம் ஏ.ஐ.யையும் டாக்டர்களையும் சேர்த்து வைத்துச் சில நிமிடங்களில் அறிக்கை அனுப்புகிறது. டாக்டர் தட்டுப்பாடான ஊர்களுக்கு ஏற்ற ஏற்பாடு. ஒயர் மாறியிருந்தால் மட்டும் ஏ.ஐ.யும் தடுமாறும். சிவப்பும் மஞ்சளும் இடம் மாறினால் முதல் லீடு தலைகீழாகிவிடும்.

நர்சுகளுக்கும் இளம் டாக்டர்களுக்கும் பயிற்சி என்று வந்தால் கதை வேறு. எக்கோ என்கிற இதய ஸ்கேனில் ஏ.ஐ. வழிகாட்ட, முன்னனுபவமே இல்லாத 8 நர்சுகள் 240 நோயாளிகளுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். பெரும்பாலானவை டாக்டர்கள் பார்த்து முடிவு சொல்லும் தரத்தில் இருந்தன. கை பழகுவதற்கு அது நல்ல ஆசான். இ.சி.ஜி. படிக்கப் பழகுவதற்கு நான் அவ்வளவு சீக்கிரம் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். விடை மேலேயே அச்சாகி வந்தால் எந்த ஹவுஸ் சர்ஜன் இ.சி.ஜி. காகிதத்தில் கட்டம் எண்ணுவார்? முதலில் தானே படித்து எழுதிவிட்டு, அப்புறம் ஏ.ஐ. சொன்னதைத் திறந்து பார்ப்பதுதான் சரி.

கட்டி கரைக்கும் ஊசிக்கு, வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள் என்ற கணக்கு இருக்கிறது. “எப்பங்க ஆரம்பிச்சுது?” என்று கேட்டால் “இப்பத்தான்” என்பார்கள். இன்னும் துருவினால்தான் “நேத்து ராத்திரியே வாயுன்னு நெனச்சு சோடா குடிச்சேனுங்க” என்று வரும். துருவிக் கேட்கும் அந்தப் பயிற்சி வார்டில்தான் கிடைக்கிறது.