ஸ்காபரோ வீட்டில் ஹீட் பம்ப்: மிசினுக்கு நான்கு நட்சத்திரம், அரசுத் திட்டத்துக்கு ஒன்று

2024 ஒக்டோபரில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் உள்ள எங்கள் வீட்டில், வீட்டைச் சூடாக்குகிற ஹீட் பம்ப் பூட்டினோம். எழுபதுகளில் கட்டிய, ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டிய செமி வீடு. காஸ் எரித்து வீட்டைச் சூடாக்குகிற பழைய பேர்னஸைக் கழற்றாமல், அதோடு சேர்ந்து ஓடுகிற, மூன்று டன் திறனுள்ள மிசின். காசு 15,000 டொலருக்கு மேலே போனது. கோயிலில் காண்கிறவர்கள் எல்லாரும் வாங்கலாமா என்று கேட்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

மிசின் நல்லது. இது எதையும் எரித்துச் சூடு உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் இருக்கிற வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் தள்ளுகிறது. மைனஸ் 10 பாகையிலும் காற்றில் எடுப்பதற்கு வெப்பம் இருக்கிறது. மிதமான குளிரில் ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகு வரை வெப்பம் கிடைக்கும், குளிர் ஏற ஏற அது குறையும். கோடையில் இதே மிசின்தான் ஏசி.

பேர்னஸ் மாதிரி சுடச்சுடக் காற்றை வீசிவிட்டு நின்றுவிடாது, மெல்லிய சூட்டில் நாள் முழுக்க ஓடும். அம்மாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. காற்று வருகிற இடத்தில் கையை வைத்துப் பார்த்து, “இதில சூடே இல்லையே பிள்ளை” என்பார். ஆனால் மேல்மாடி ஒரு குளிர், கீழ்மாடி ஒரு குளிர் என்று இருந்த நிலை போய்விட்டது. அம்மா இப்போது இரவில் இரண்டாவது கம்பளி தேடி எழும்புவதில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

குறை இருந்தது பூட்டியவர்கள் செய்த வேலையில். வெளி யூனிட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். 2025 பெப்ரவரியில் ரொறன்ரோவில் அடுத்தடுத்துப் பனி கொட்டியபோது அது பாதி புதைந்துவிட்டது. யூனிட்டில் படிகிற பனியை மிசின் இடைக்கிடை தானே உருக்கும். அந்தத் தண்ணீர் நடைபாதைக்கு ஓடி வழுக்கும் ஐஸாக உறைந்தது. வயதானவர்கள் இருக்கிற வீட்டில் இது விளையாட்டில்லை.

அதைவிடப் பெரிய பிழை, சூட்டைக் கட்டுப்படுத்துகிற தேர்மோஸ்டாட்டுக்குள் இருந்தது. ஹீட் பம்பும் காஸும் சேர்ந்து உள்ள வீட்டில், வெளியே எத்தனை பாகைக்குக் கீழே போனால் ஹீட் பம்ப் நின்று காஸ் தொடங்க வேண்டும் என்று ஓர் எண் போடுவார்கள். எங்களுக்குப் பிளஸ் 5 என்று போட்டிருந்தார்கள். ரொறன்ரோவில் ஜனவரியில் பிளஸ் 5க்கு மேலே எத்தனை நாள் போகும்? அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய மிசின் சும்மா நிற்க, பழைய பேர்னஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது. காஸ் பில் ஏன் குறையவில்லை என்று தேடப்போய்த்தான் இது தெரிந்தது. வேறொரு டெக்னீசியனைக் கூப்பிட்டோம். வீடு குளிருகிறது என்று வாடிக்கையாளர் போன் பண்ணாமல் இருக்கத்தான் சிலர் அப்படி வைப்பார்கள் என்று சொன்னார். மைனஸ் 12க்கு இறக்கினார், கால்மணி நேர வேலை. அப்புறம்தான் பில் உண்மையாக இறங்கியது.

இந்த இடத்தில்தான் எனக்கு அரசின் வழிகள் மீது நம்பிக்கை போகிறது. உதவித்தொகை மிசினைப் பூட்டியதற்குக் கொடுக்கப்படுகிறது. அதன் பிறகு அந்த வீட்டில் எவ்வளவு காஸ் எரிந்தது என்று பில்லைப் பார்த்துக் கொடுக்கிற காசு இல்லை அது. பிளஸ் 5இல் நிற்கிற வீட்டுக்கும் மைனஸ் 12இல் நிற்கிற வீட்டுக்கும் ஒரே தொகை.

ஹீட் பம்ப் போன்ற வேலைகளுக்கு மத்திய அரசு கொடுத்த கனடா கிரீனர் ஹோம்ஸ் மானியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மே மாதம் தொடங்கியபோது ஏழு வருடம், 260 கோடி டொலர், ஏழு லட்சம் வீடுகள் என்றார்கள். வீட்டுக்கு 5,000 டொலர் வரை. 2024 பெப்ரவரியிலேயே புது விண்ணப்பங்களை நிறுத்திவிட்டார்கள். முதலில் முழுக்காசையும் நாமே கட்ட வேண்டும், வேலை முடிந்து மறுசோதனையும் முடிந்தபின்தான் பணம் வரும். கையில் காசு உள்ள வீட்டுக்காரருக்கு அது சரி. பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிற குடும்பத்துக்கு அதில் ஒன்றுமில்லை.

2025 ஜனவரியில் எங்கள் மாகாணமான ஒன்ராறியோ தன் பங்குக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. எங்களுடையது மாதிரி வெளிக்காற்றில் ஓடுகிற ஹீட் பம்புக்கு, மின்சாரத்தில் சூடாக்கும் வீட்டுக்கு 7,500 டொலர் வரை, காஸில் சூடாக்கும் வீட்டுக்கு 2,000 வரை. புகை போகிற குழாய் இருப்பது காஸ் வீட்டில். அந்த வீட்டுக்குத்தான் குறைந்த தொகை!

எரிபொருளுக்கு மத்திய அரசு போட்ட காபன் வரியின் கதையும் இதுதான். 2023 ஒக்டோபரில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் மூன்று வருட விலக்கு அறிவித்தார்கள். எண்ணெயில் சூடாக்கும் வீடுகள் நிறைய உள்ள அத்லாந்திக் மாகாணங்களுக்கு அது பெரிய ஆறுதல். காஸுக்கு விலக்கு இல்லை, 2024இல் நாங்கள் கன மீட்டருக்கு 15.25 சதம் கட்டினோம். 2030இல் வெளியேறும் காபன் வாயு டன்னுக்கு 170 டொலராக வரி ஏறும் என்று சொல்லி வந்த அரசு, 2025 ஏப்ரல் 1 முதல் வீட்டுப் பாவனைக்கு அதை முழுவதுமாக நீக்கியது. வரியை எடுத்தது எனக்கு வருத்தமில்லை. ஆனால் பதினைந்து வருடம் ஓட வேண்டிய ஒரு மிசினை, ஆறு மாதத்தில் மாறிப்போகிற சொல்லை நம்பி ஒரு குடும்பம் எப்படி வாங்கும்?

பலன் எங்கே என்று பாராமல் எளிதாகச் செய்யக்கூடியதைச் செய்வது: துப்பாக்கிக் கட்டுப்பாட்டிலும் இதையேதான் பார்க்கிறேன். ஸ்காபரோ சனத்துக்கு அது தூரத்துச் செய்தி இல்லை. 2012 ஜூலையில் இங்கே டான்சிக் வீதியில், தெருவிருந்து ஒன்றில் சுட்டதில் இளையவர்கள் இருவர் செத்தார்கள், இருபதுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். 2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் ஒருவன் 22 பேரைக் கொன்றான். கொன்றவனிடம் துப்பாக்கி லைசென்ஸே இல்லை, அவனுடைய ஆயுதங்களில் சில அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலிருந்து கடத்தி வந்தவை. அடுத்த மாதம் அரசு ஏறக்குறைய 1,500 துப்பாக்கி மொடல்களைத் தடைசெய்து, வைத்திருப்பவர்களிடமிருந்து காசு கொடுத்து வாங்குவோம் என்றது. தனியாரிடமிருந்து வாங்கும் வேலை 2025இன் பிற்பகுதியில்தான், அதுவும் நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டனில் ஒரு முன்னோட்டமாகத் தொடங்கியது. லைசென்ஸ் வைத்திருப்பவரின் முகவரி அரசிடம் இருக்கிறது, கடத்துகிறவனின் முகவரி இல்லை. கையில் கிடைக்கிறவரிடம் போகிறார்கள். கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பலமும் காசும் முதலில் எல்லைக்குப் போகட்டும் என்கிறேன்.

அரசால் எதுவும் முடியாது என்றும் சொல்லமாட்டேன். 2005இல் ஒன்ராறியோவில் 53 புகைமூட்ட நாள்கள். 2014இல் மாகாணம் கடைசி நிலக்கரி மின்நிலையத்திலும் நிலக்கரி எரிப்பதை நிறுத்தியது. அந்த வருடம் ஒரு புகைமூட்ட நாளும் இல்லை. அதற்காக எந்தக் குடும்பமும் படிவம் நிரப்பவில்லை, பற்றுச்சீட்டு அனுப்பவில்லை. அரசு தன் கையில் இருந்த வேலையைத் தானே செய்தது. இன்று என் ஹீட் பம்புக்கு வருகிற மின்சாரத்தில் பெரும்பகுதி அணுமின்னும் நீர்மின்னும்தான். நிலக்கரி இன்னும் எரிந்துகொண்டிருந்தால் இந்த மிசினால் சூழலுக்கு வருகிற நன்மை குறைந்திருக்கும்.

சரி, வாங்கலாமா? பழைய ஏசி பழுதாகி எப்படியும் மாற்ற வேண்டிய வீடு என்றால் தயங்காமல் வாங்குங்கள். ஏசி நன்றாக ஓடுகிறது, காசு இறுக்கம் என்றால் முதலில் கூரைக்குக் கீழே இன்சுலேஷன் போடுங்கள். மிகக் குறைந்த செலவில் அம்மா அப்பாவின் அறை சூடாகும். அரசுத் தொகை கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது இல்லாமலும் கட்ட முடியுமா என்று பார்த்துத்தான் கையெழுத்துப் போடுங்கள். இரவு மின்கட்டணம் மிகவும் குறைவாக உள்ள திட்டத்துக்கு மாறுவதென்றால், வார நாள்களில் மாலை 4 முதல் 9 வரை அதில் விலை பல மடங்கு என்பதையும் கணக்கில் எடுங்கள். வெளி யூனிட்டை உயரமான ஸ்டாண்டில், வாசல் நடைபாதைக்கு விலத்தி வைக்கச் சொல்லுங்கள். தேர்மோஸ்டாட்டில் அந்த எண்ணை எத்தனையில் வைப்பீர்கள் என்று காசு கொடுக்க முதலே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.