மெனுல "ஆஃப்" இருந்தா ஆஃப் ஆகிடும்னு நம்பாதீங்க (ஸ்டீரியோ வீடியோவுக்கு சீப் கேமரா தேடுறவங்களுக்கு)

பவளப்பாறை மீன் சர்வேக்கு கம்மி செலவுல ஒரு ஸ்டீரியோ செட் (ஒரே பார்ல ரெண்டு கேமராவ மாட்டி, ரெண்டு படத்தையும் வச்சு மீனோட நீளத்த அளக்குறது) போடலாம்னு ஆசைப்பட்டு நான் வாங்கிக் கட்டிக்கிட்ட கதை இது. விக்கிறவர்கிட்ட மூணு தடவ கேட்டேன், ஸ்டெபிலைசேஷன (படம் ஆடாம இருக்க கேமராவே சரி பண்ணிக்கிறது) முழுசா ஆஃப் பண்ண முடியுமா, ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தன படம் எடுக்குதுங்கறது) மாறாம ஓடுமான்னு. எல்லாத்துக்கும் "ஆமா சார்"தான்.

காலிபரேஷன் பண்ண (தெரிஞ்ச நீளத்த வச்சு செட் சரியா அளக்க வைக்க) நீச்சல் குளத்துல இறக்கினா, 50 செ.மீ. கம்பி ஒரு தடவ 50 காட்டுது, செட்ட லேசா நகத்தினா 46. என் கணக்குதான் தப்புன்னு ரெண்டு ராத்திரி தூங்காம உக்காந்தேன். அப்புறம்தான் கண்ணுல பட்டுச்சு: ரெண்டு கேமராவும் மாட்டியிருக்க பார்லயே போல்ட் போட்டு முன்னாடி நீட்டியிருக்க குச்சி, படத்துக்குள்ள மிதக்குது! கேமராவோட சேந்தே நகர்ற குச்சி படத்துல ஆடவே கூடாது. ஆடுதுன்னா ஸ்டெபிலைசேஷன் ஒவ்வொரு ஃப்ரேமையும் வெட்டி நகத்திக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அப்படி இருந்தா எந்த காலிபரேஷனும் நிக்காது. மெனுல ஆஃப்னுதான் இருக்கு, ஆனா கேமராவ அணைச்சுப் போட்டா தானா திரும்ப ஆன் ஆகுது.

சரி, ஒவ்வொரு தடவையும் ஆஃப் பண்ணிக்கலாம்னு பாத்தா இன்னொரு கூத்து. ஆரம்பத்துல ரெண்டு கேமராவுக்கும் முன்னாடி ஒரு லைட் அடிச்சு, அது தெரியுற ஃப்ரேம வச்சு ரெண்டு வீடியோவையும் சரியா சேத்தேன், ஒரு மணி நேரம் கழிச்சு அடிச்ச லைட்டுல 7 ஃப்ரேம் தள்ளி நிக்குது. 30 ஃப்ரேம்ல ஓடுற வீடியோவுல, நொடிக்கு ஒரு மீட்டர் நீந்துற மீன் ஒரு ஃப்ரேமுக்குள்ள 3 செ.மீ.க்கு மேல போயிடும், 7 ஃப்ரேம்னா 23 செ.மீ., அப்புறம் மீனோட நீளத்த எங்க போய் அளக்குறது?

திருப்பிக் கொடுக்கலாம்னு கேட்டா தண்ணிக்குள்ள யூஸ் பண்ணா வாரண்டி இல்லையாம். பெட்டி மேல மீன் படம் போட்டு "30 மீட்டர் வாட்டர்ப்ரூஃப்"னு அவங்களே எழுதியிருக்காங்க!

வாங்கினீங்கன்னா ரிட்டர்ன் நாள் முடியுறதுக்குள்ள, தண்ணில இறக்காமலே, பார்ல ஒரு குச்சி கட்டி ஆட்டிப் பாருங்க, ரெண்டு கேமராவையும் ஒரே ஸ்டாப்வாட்ச்ச பாக்க வச்சு ஒரு மணி நேரம் ஓட விடுங்க. கோப்ரோ கேமராவுல ஸ்டெபிலைசேஷன் 2016ல ஹீரோ 5 வந்தப்பதான் வந்துச்சு, அதனால நான் இப்ப அதுக்கு முந்தின பழசு ரெண்டு செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்கேன். பேட்டரி கொஞ்சம் கிழடுதான், ஆனா குச்சி வச்ச எடத்துலயே நிக்குது.