டிரம் நிரம்பிய பிறகு: கிணறா, குழியா, இன்னொரு டிரம்மா?

மழைத்தண்ணீர் பிடிக்க டிரம் வாங்குகிறவர்கள், அது எவ்வளவு கொள்ளும் என்றுதான் கேட்பார்கள். எவ்வளவு வழியும் என்று யாரும் கேட்பதில்லை. சென்னை மழைக்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர். தளம் உறிஞ்சுவது, சிதறுவது எல்லாம் போனாலும், 3 மி.மீ. மழைக்கே 200 லிட்டர் நீல டிரம் நிரம்பிவிடும். ஐப்பசி அடைமழையில் ஒரே இரவில் 60 மி.மீ. கொட்டினால் அந்த மாடியில் விழுவது 5,500 லிட்டருக்கு மேல். 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. இதே அளவு மாடிக்கு அது 45,000 லிட்டர். ஆக, டிரம்மில் நிற்பது கொஞ்சம், வழிவதுதான் மழை. அதற்கு வழி செய்யாவிட்டால், டிரம் இருக்கும் மூலையிலேயே தண்ணீர் கொட்டிக் கொட்டிச் சுவரடியை அரித்துவிடும்.

பலருக்கும் உடனே தோன்றுவது இன்னொரு டிரம். செடிக்கு ஊற்றவும் வாசல் கழுவவும் கூடுதலாக 200 லிட்டர் கிடைக்கும், அவ்வளவுதான். இன்னும் 3 மி.மீ. பெய்தால் அதுவும் நிரம்பி, பழைய கேள்விக்கே வந்து நிற்போம். வைப்பதானால் இரண்டையும் மேல்பக்கமாக இணையுங்கள். மண்ணும் சருகும் முதல் டிரம்மிலேயே படிந்துவிடும், இரண்டாவதில் தெளிந்த தண்ணீர் சேரும். அடியில் இணைத்தால் ஒரு இடத்தில் கசிந்தாலும் இரண்டும் காலியாகும்.

வீட்டில் பழைய கிணறு இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வழியும் தண்ணீரை அதில் விடுங்கள். நான்கடி விட்டமுள்ள உறைக்கிணற்றில் ஓரடி மட்டம் உயர்வதற்கே சுமார் 350 லிட்டர் வேண்டும். பத்தடி காலியாக இருந்தால் 3,500 லிட்டர் போய் உட்கார்ந்துகொள்ளும். உறைகளின் இடுக்கு வழியாகவும் அடி வழியாகவும் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டும் இருக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் இதற்கு இன்னொரு பலன் உண்டு. மேலே நல்ல தண்ணீர் அழுத்தி நின்றால் உப்புநீர் ஏறுவது குறையும். கிணற்றைக் குப்பைபோட்டு மூடி, மேலே கார் நிறுத்துகிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. எத்தனை செலவழித்தாலும் அதற்கு ஈடான ஒன்றை அந்த இடத்தில் மறுபடி கட்டுவது கஷ்டம்.

ஆனால் கிணற்றுக்குள் மாடித் தண்ணீர் மட்டும்தான் போக வேண்டும். வாசல் தண்ணீர், வண்டி கழுவிய தண்ணீர் எதுவும் கூடாது. வழியில் ஜல்லியும் மணலும் போட்ட சிறிய வடிகட்டித் தொட்டி ஒன்று அவசியம். குழாயை உயரத்திலிருந்து நேராகக் கொட்டவிடாமல், எல்போ போட்டுச் சுவரை ஒட்டி இறக்கினால் அடிமண் கலங்காது. பருவமழைக்கு முன் மாடியைப் பெருக்கிவிட்டு, முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள்.

கிணறு இல்லாதவர்களுக்கு அடுத்தது கசிவுநீர்க் குழி, அதாவது ஜல்லியும் மேலே மணலும் நிரப்பி, தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் பள்ளம். 2003-இல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பல வீடுகளில் அவசரமாகத் தோண்டியது இதைத்தான். குழி நல்லதா இல்லையா என்பதை உங்கள் தெரு மண்தான் சொல்லும். கடலோர மணலில் விட்ட தண்ணீர் விறுவிறுவென்று இறங்கும். களிமண்ணில் அதே குழி குட்டையாகத் தேங்கி நிற்கும். தோண்டுவதற்கு முன் ஓரடி ஆழத்துக்குச் சின்னதாக ஒரு பள்ளம் பறித்து, முழுக்க நீர் ஊற்றி ஒருமுறை ஊறவிட்டு, மறுபடி ஊற்றிப் பாருங்கள். அரை மணியில் வற்றினால் தைரியமாகக் குழி வெட்டலாம். மறுநாள் வரை நின்றால் வெறும் குழி உதவாது. களிமண் அடுக்கைத் தாண்டி மணல் வரைக்கும் துளைபோட்டுக் குழாய் இறக்க வேண்டும், செலவு கூடும்.

இன்னொன்று. ஒரு மீட்டர் நீள அகலத்தில் ஒன்றரை மீட்டர் ஆழக் குழி 1,500 லிட்டர் பிடிக்கும் என்று நினைப்போம். ஜல்லி நிரப்பிய பிறகு இடைவெளியில் நிற்பது ஏறக்குறைய 600 லிட்டர்தான். அஸ்திவாரத்திலிருந்தும் செப்டிக் டேங்கிலிருந்தும் பத்தடியாவது தள்ளி வெட்டுங்கள். மேலே இருக்கும் மணலை ஒவ்வொரு புரட்டாசியிலும் எடுத்து அலசிப் போடாவிட்டால் சில வருஷங்களில் அடைத்துக்கொள்ளும்.

தோட்டத்துக்குத் திருப்பிவிடுவது சின்ன மழைக்குச் சரி. வாழையும் கல்வாழையும் தாங்கும். பப்பாளியையும் முருங்கையையும் அந்தப் பக்கம் வைக்காதீர்கள், வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும்.

கடைசி வழி தெரு. கார்த்திகை பிறக்கும்போது நிலத்தடி மட்டம் ஏறி, கிணறும் குழியும் இனி வாங்க மாட்டேன் என்று நிற்கிற நாட்கள் வரும். அதற்காகத் தெருவோர மழைநீர் வடிகாலுக்கு ஒரு குழாய் வைத்தே ஆக வேண்டும்; கிணற்றுக்குப் போகும் குழாயைவிட அது ஒரு சாண் மேலே இருந்தால் போதும். பாதாளச் சாக்கடையில் மட்டும் இணைக்காதீர்கள். நம் மாடித் தண்ணீர் அதில் இறங்கினால், தாழ்வான வீட்டுக்காரரின் கழிப்பறையில் சாக்கடை பொங்கி வரும்.

எந்த வழியானாலும் குழாயின் அளவைப் பாருங்கள். நான்கு அங்குலக் குழாயில் மாடித் தண்ணீர் இறங்க, டிரம்மின் மேல்பக்கத்தில் ஒரே அங்குலத்தில் துளைபோட்டுக் குழாய் வைத்திருப்பார்கள். மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் பெய்தால் நிமிடத்துக்கு 90 லிட்டர் வருகிறது. அந்த ஓரங்குலத் துளை வெளியேற்றுவது 20 லிட்டர் போலத்தான். மிச்சம் விளிம்பு வழியாகச் சுவரில் கொட்டும். குறைந்தது மூன்று அங்குலம் வையுங்கள். குழாயின் வாயில் கொசுவலை கட்டுங்கள், ஏனென்றால் டெங்கு பரப்பும் கொசுவுக்குத் தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும். மழை விட்டதும் அந்த வலையில் சிக்கிய வேப்பஞ்சருகைத் தட்டிவிட மறக்காதீர்கள். அது அடைத்தாலும் விளிம்பு வழியாகத்தான் வழியும்.