வெப்பமானி மட்டுமா, கருப்பைவாய்ச் சளியும் சேர்த்தா?

கருத்தரிக்கக்கூடிய நாள்களை உடலின் அறிகுறிகளால் அறிந்து, அந்நாள்களில் உறவைத் தவிர்த்துக் கருவுறாமல் இருக்க இரு முறைகள் உண்டு: வெப்பமானியை மட்டும் நம்புவது ஒன்று, கருப்பைவாய்ச் சளியையும் சேர்த்துக் கவனிப்பது மற்றொன்று. கருமுட்டை வெளியான பின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன், விழித்தவுடன் படுக்கையிலேயே அளக்கப்படும் உடல்வெப்பத்தைச் சுமார் 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்துகிறது. முந்தைய ஆறு நாள் அளவுகளைவிடத் தொடர்ந்து மூன்று நாள்கள் வெப்பம் கூடுதலாக இருந்தால், அந்தச் சுழற்சியில் கருத்தரிக்கும் காலம் முடிந்தது என்று கொள்வதே வெப்பமானி முறை. ஆனால் விந்தணு ஐந்து நாள்கள் வரை உயிர்வாழக்கூடும். கருமுட்டை வெளியான பிறகே மாறும் வெப்பநிலை, அதற்கு முந்தைய, கருத்தரிக்கக்கூடிய நாள்களை முன்கூட்டி அறிவிக்காது. ஆகவே இதை மட்டுமே நம்புவோர், மாதவிடாய் தொடங்கியது முதல் வெப்ப உயர்வு உறுதியாகும்வரை உறவைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. காய்ச்சலும் தூக்கக் குறைவும் மதுவும் அளவைக் குழப்பும்.

வெப்பத்தோடு கருப்பைவாய்ச் சளியையும் கவனிக்கும் கூட்டு முறையோ, சளி தெளிந்து வழுவழுப்பாக நீளத் தொடங்கும்போதே எச்சரிக்கிறது. ஜெர்மனியில் 900 பெண்களைப் பின்தொடர்ந்து 2007-இல் வெளியான ஆய்வில், விதிகளைத் தவறாமல் பின்பற்றியோரில் ஓராண்டில் கருவுற்றோர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அவர்கள் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் என்பதை மறக்கலாகாது.

இவ்விரண்டில் கூட்டு முறையையே நான் பரிந்துரைப்பேன். எனினும் கருவுறுதல் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய பெண்கள் இரண்டையும் நம்பாமல், கருப்பைக்குள் பொருத்தும் காப்பர்-டி போன்ற கருத்தடைச் சாதனம் குறித்து மருத்துவரிடம் கேட்பதே நல்லது.