டீ கொதிக்கும் நேரத்தில் ஓர் எழுத்து: மூன்றரை வருட அனுபவம்

மொரீசியஸில் கத்ர் போர்னில் வளர்ந்தவன் நான். வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் ஊர்ப் பேச்சுமொழி), பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். கோவிலில் திருப்புகழைக்கூட ரோமன் எழுத்தில் அச்சடித்த தாளைப் பார்த்துத்தான் பாடுவேன். தினமும் கையில் புழங்கிய தமிழ் எழுத்து ரூபாய் நோட்டில் இருந்தது மட்டும்தான். 1998இல் புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியதும் எங்கள் மக்கள் கொதித்தார்கள். மத்திய வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. நானும்தான் கோபப்பட்டேன். ஆனால் அந்த நோட்டில் இருந்ததைப் படிக்கத் தெரியாது.

வார இறுதித் தமிழ் வகுப்பில் மூன்று முறை சேர்ந்து மூன்று முறையும் நின்றவன், 2022 ஜூனில் வேறு மாதிரி ஆரம்பித்தேன். காலையில் வனிலா டீ கொதிக்கிறபோது, அடுப்புக்குப் பக்கத்திலேயே, நோட்டுப் புத்தகத்தில் ஒரு தமிழ் எழுத்து, ஐந்து தடவை. டீயை இறக்கியதும் நோட்டை மூடிவிட வேண்டும். ஆசையாக இருந்தாலும் மேலே எழுதக் கூடாது.

247 எழுத்து என்று பயமுறுத்துவார்கள். 12 உயிரும் 18 மெய்யும் கைக்கு வந்துவிட்டால் மிச்சம் பெரும்பாலும் கொம்பும் காலும்தான். (உகர வரிசை மட்டும் படுத்தியது. கு, சு, து என்று ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு வளைகிறது. அங்கேயே இரண்டு மாதம் போயிற்று.)

21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்று பலர் சொல்வதை நம்பாதீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து ஆராய்ந்தபோது, ஒரு செயல் தானாக நடக்க இடைநிலைக் கணக்கில் (வரிசையில் நடுவில் நிற்பவருக்கு) 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. எனக்கு நான்கு மாதம்.

நடுவில் ஒரு செயலியை நம்பியது என் தப்பு. நாள் விடாமல் செய்தால் எண் ஏறும். எண் 400ஐத் தாண்டியபின் எழுத்து எனக்கு இரண்டாம்பட்சம். நள்ளிரவு நெருங்கும்போது படுக்கையில் கிடந்தபடி எதையோ தட்டி எண்ணைக் காப்பாற்றிய நாட்கள் உண்டு. 2024 ஜனவரி 15, பொங்கலன்று, பெலால் புயல் வந்தது. போர்ட் லூயிஸில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போனது; எங்கள் வீட்டில் கரண்டு இல்லை, போன் செத்துக் கிடந்தது. மறுநாள் எண் பூஜ்ஜியம். வெறுத்துப்போய் நோட்டையும் தொடவில்லை. "பப்பா, புயல் எழுத்தையுமா அடிச்சிட்டுப் போச்சு?" என்றாள் மகள். தைப்பூசக் காவடி முடிந்த மறுநாள் செயலியை அழித்துவிட்டு அடுப்படிக்கே திரும்பினேன். ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடாது என்றும் அந்த ஆய்வே சொல்கிறது; எனக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது.

குறை ஒன்று பெரியது. எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. கோவிலில் முதன்முறை தமிழ்த் தாளைப் பார்த்துப் பாடியபோது, ரோமனில் ஒன்றாகவே கிடந்த ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் கண்ணில் பட்டன. சந்தோஷம்தான். ஆனால் என்ன பாடுகிறேன் என்று கேட்டால் முழிப்பேன். அதனால் போன வருடம் முதல் எழுத்துக்குப் பதில் ஒரு சொல். இது மெதுவாகத்தான் நகர்கிறது. மூன்று மாதத்தில் பரீட்சை எழுத வேண்டியவர்களுக்கு இந்த வழி உதவாது.

இதை எழுதி முடிக்க ஒன்பது நாள் டீ ஆறிப்போனது. பிழை திருத்தித் தந்தவர் மகளின் தமிழ் டீச்சர்.