மடுக் கோயிலடியில் வாங்கிய செபமாலைகள்: பிள்ளைகளின் கைக்கு எது சரி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நூலில் கோர்த்த மரமணிச் செபமாலையை வாங்குங்கள். கம்பியில் கோர்த்த கண்ணாடி மணி வேண்டாம், அதுவும் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

யூலை 2, ஓகஸ்ட் 15 திருவிழாக்களுக்கு மன்னார்ப் பக்கம் மடு மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், கோயிலடியில் வரிசையாகக் கடைகள் போட்டிருப்பார்கள், பிள்ளைகள் அங்கே நின்றுவிட்டால் நகரமாட்டார்கள். எங்கள் மூன்று பேரும் மூன்று விதமாக எடுத்தார்கள். மூத்தவள் எடுத்தது கண்ணாடி மணி. பார்க்க நல்ல வடிவு. ஆனால் பதக்கத்தடியில் இருக்கிற கம்பி வளையம் அடிக்கடி விரிந்து கழன்றுவிடும், ஒவ்வொரு முறையும் குறட்டால் நெரித்துக் கொடுக்க வேண்டும், வியர்வை பட்டுக் கம்பியும் கறுத்துப்போனது. இப்போது அது மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அறுந்துவிடும் என்று பயந்து பிள்ளை தொடாத செபமாலையால் பிள்ளைக்கு என்ன பயன்?

சின்னவனுடையது இருட்டில் ஒளிரும் பிளாஸ்டிக் மாலை. விளையாட்டுச் சாமான் என்று பலர் இதை ஒதுக்குகிறார்கள், நான் ஒதுக்கமாட்டேன். மாலையை லைற்றுக்குக் கீழே கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு, எப்போது அணைப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டு செபத்துக்கு முதல் ஆளாகப் பாயில் வந்து இருக்கிறான். நாலு வயதில் அதுவே பெரிய காரியம். ஒளி சீக்கிரம் மங்கிவிடும், மணிகளின் விளிம்பு கொஞ்சம் கரகரப்பு. எதையும் வாயில் வைக்கிற வயதென்றால் கொடுக்காதீர்கள்.

நடுவிலானிடம் இருப்பதுதான் மரமணி. காற்சட்டைப் பையில் போகிறது, மண்ணில் விழுகிறது, மழையில் நனைகிறது, ஒன்றும் ஆகவில்லை. உருட்டி உருட்டி மணியெல்லாம் வழுவழுப்பாகிவிட்டது. ஒரே குறை சாயம்: புதிதில் வெள்ளைச் சட்டையில் கபில நிறம் பிடித்தது. வாங்கும்போது ஈர விரலால் ஒரு மணியைத் தேய்த்துப் பாருங்கள். மணிகளையும் எண்ணிப் பாருங்கள். சிறியது 53, பெரியது 6 இருக்க வேண்டும். பத்துச் சிறிய மணி சேர்ந்ததை ஒரு பத்து என்போம், சில மாலைகளில் ஒரு பத்தில் பதினொரு மணி இருக்கும், கடைக்காரரைக் கேட்டால் மாற்றித் தருவார்.

எங்கள் வீட்டில் இவர் வயலால் வந்து கால் கழுவினதும் செபம் தொடங்கும். ஆளுக்கொரு பத்து, சின்னவனும் தன் பத்தைத் தானே நடத்துவான், ஒவ்வொரு சிறிய மணிக்கும் சொல்கிற மங்கள வார்த்தை செபம் பாதியில் சிக்கினால் அப்பம்மா எடுத்துக்கொடுப்பார். ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் யாருக்காக என்று பிள்ளைகளே சொல்ல வேண்டும். ஒருநாள் காய்ச்சல்கார ஆட்டுக்குட்டிக்கு, ஒருநாள் கணக்குச் சோதனைக்கு. கடைசிப் பத்து 2009 யுத்தத்தில் செத்தவர்களுக்கும் காணாமல் போனவர்களுக்கும். தாங்கள் கண்டிராத சித்தப்பாவின் பெயரையும் மாமியின் பெயரையும் பிள்ளைகள் அங்கேதான் பழகினார்கள். ஞாயிறு மறைக்கல்வியில் இதைச் சொல்லித்தர முடியாது, அது வீட்டு வேலை.

இந்த மண்ணில் அது புதிதும் இல்லை. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போன பிறகு கத்தோலிக்கக் குருமாருக்கு இடமில்லை. மடு மாதா சுரூபம் மாந்தையிலிருந்து காட்டுக்குள் வந்ததும் அந்தக் காலத்தில், 1670இல். 1687இல் குருவானவரான புனித யோசப் வாஸ் பிச்சைக்காரர் வேடத்தில் வந்து, கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் போய்த்தான் கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். ஏறக்குறைய முப்பது வருடம் பூசை காண்பதே அரிதாக இருந்தபோதும் அந்த மாலையைக் கண்டு முகம் மலரப் பிள்ளைகள் இருந்தார்களே, தாய் தகப்பன் சொல்லிக்கொடுக்காமல் வேறு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்த 2015 ஜனவரி 14 அன்றே பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கும் வந்தார். இந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு மாலை வாங்கும் இடத்திலேயே சொல்லுங்கள், நன்றாகக் கேட்பார்கள்.

மாலையோடு விற்கிற சின்னச் செபப் புத்தகத்தையும் பார்த்து வாங்குங்கள். இயேசுவின் வாழ்விலிருந்து வியாழக்கிழமைகளில் தியானிக்கிற ஒளியின் தேவ இரகசியங்கள் 2002இல்தான் சேர்ந்தன, பழைய பதிப்பில் அவை இருக்காது, வியாழக்கிழமை வந்ததும் பிள்ளை பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கும். எழுத்தும் பொடி எழுத்து, அப்பம்மாவுக்கு உதவாது.

திருவிழா நாட்களில் விலை கொஞ்சம் கூட. ஆனால் அந்தத் தெரிவு வேறு நாட்களில் கிடைக்காது. எதை எடுப்பதென்று பிள்ளையிடமே விடுங்கள், கண்ணாடியிலிருந்து மட்டும் மெதுவாகத் திருப்புங்கள். வாங்கினதும் கோயில் சுவாமியாரிடம் கொடுத்து மந்திரித்து எடுக்க வேண்டும், அதையும் பிள்ளையே போய்க் கேட்கட்டும். மரமணி மாலையின் நூல் நைந்தால் எறிய வேண்டாம், வலைச் சாமான் விற்கிற கடையில் மெல்லிய நைலோன் நூல் வாங்கிப் பிள்ளையோடு இருந்து திருப்பிக் கோர்க்கலாம்.