போடிமெட்டு தாண்டிச் சிறு பைக்கில் செல்வோர் கவனத்திற்கு: திறக்காத கிளச்சுக்கு 2,400 ரூபாய்

தேனியிலிருந்து போடிமெட்டு வழியாக மூணாறு, அடிமாலி, கொச்சி என 100 சி.சி. வண்டிகளில் நெடும்பயணம் செல்பவர்கள், கேரள எல்லையைத் தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை என்று சாலையோரப் பட்டறை ஒன்றில் நிறுத்த நேர்ந்தால், "கிளச் பிளேட் எரிந்துவிட்டது" என்று அங்கே சொல்லப்படுவதை உடனே ஏற்றுக்கொள்ள வேண்டாம். அப்படிச் சொல்லி என்னிடம் 2,400 ரூபாய் வாங்கினார்கள். ஆனால் என் வண்டியின் கிளச் மூடியில் ஒரு போல்ட்டைக்கூட அவர்கள் கழற்றவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருப்பதால் பட்டறையின் பெயரையும் அது இருக்கும் இடத்தையும் இங்கே எழுதவில்லை. நடந்த முறையை மட்டும் விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் அந்த முறை எந்தச் சாலையிலும் யாரிடமும் செல்லுபடியாகக் கூடியது.

என் வண்டி ஸ்பிளெண்டர். 97.2 சி.சி., ஏறக்குறைய எட்டுக் குதிரைத்திறன். பின்னால் என் மைத்துனர், அவருக்குப் பின்னால் தார்ப்பாய் சுற்றிய இரண்டு பைகள். மலையடிவாரத்தில் இருக்கும் முந்தலைத் தாண்டியதும் தொடங்கும் கொண்டை ஊசி வளைவுகள் போடிமெட்டில் முடிவதற்குள், சமவெளியிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் ஏறிவிடுகிறோம். இருவரையும் சுமையையும் தூக்கிக்கொண்டு இந்த வண்டி பெரும்பாலும் இரண்டாம் கியரிலும், வளைவின் உட்புறத்தில் மாட்டிக்கொண்டால் முதல் கியரிலும்தான் ஏறும். அதில் குறையொன்றும் இல்லை. ஏலத் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளுக்கு ஒதுங்கி வழிவிட்டபடி, நாங்களும் அப்படியே நிதானமாக ஏறினோம்.

மேட்டைத் தாண்டிப் பூப்பாறையை நோக்கிச் செல்லும்போது கோளாறு தெரிந்தது. ஆக்சிலேட்டரைத் திருகினால் எஞ்சின் சத்தம் மட்டும் கூடியது, வேகம் கூடவில்லை. லேசான கருகல் வாடையும் வந்தது. மழையும் தொடங்கியிருந்ததால் கண்ணில் பட்ட பட்டறையில் வண்டியை நிறுத்தினோம்.

பட்டறைக்காரர் எண் பலகையைத்தான் முதலில் பார்த்தார். "டி.என். 60-ஆ? நம்ம தேனி வண்டியாண்ணே!" என்று முகமலர்ச்சியோடு வரவேற்றார். அந்த 'அண்ணே'வில் எங்களுக்கு இருந்த தயக்கமெல்லாம் போய்விட்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வேற்று மாநில எல்லைக்குள் நுழைந்த அரை மணி நேரத்தில் நம் ஊர்ப் பேச்சைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். கிளச் லிவரை ஒருமுறை அழுத்திப் பார்த்தார், கிக்கரை ஒருமுறை மிதித்தார், அவ்வளவுதான். "பிளேட்டு மொத்தமா எரிஞ்சு போச்சுண்ணே. இதை வச்சுக்கிட்டு மூணாறு போற கேப் ரோடு ஏற முடியாது. நடுவுல நின்னுச்சுன்னா ஆனையிறங்கல் பக்கம் யானை நிக்கிற இடம், இருட்டிடும்" என்றார். யானை அங்கே நிற்பது உண்மை. சின்னக்கானல், ஆனையிறங்கல் பகுதி அதற்குப் பெயர்பெற்றது. பொய் சொல்பவர் அதை இரண்டு உண்மைகளுக்கு நடுவில் வைத்துச் சொன்னால் பிரித்தறிவது எளிதல்ல.

பிளேட் செட், கேஸ்கட் (மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைக்கும் அடைப்பு), எஞ்சின் ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய் என்றார். ஒரு மணி நேரம் ஆகும், மழையில் நிற்க வேண்டாம், எதிரே கடையில் சாப்பிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, வண்டியைப் பட்டறைக்குப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது ஒரு தட்டில் கருகிய பிளேட்டுகளை வைத்து, "பாருங்கண்ணே, எப்படிக் கரியாக் கிடக்குன்னு" என்று காட்டினார். வண்டியை ஓட்டிப் பார்த்தோம், நன்றாகவே இழுத்தது. பில் கேட்டதற்குப் புத்தகம் தீர்ந்துவிட்டது என்றார். கைப்பேசியில் பணம் அனுப்பியபோது திரையில் பட்டறையின் பெயர் வரவில்லை; யாரோ ஒரு தனிநபரின் பெயர் வந்தது. பழைய பிளேட்டுகளை எடுத்துக்கொள்கிறோம் என்று மைத்துனர் கேட்டதற்கு, பழைய இரும்புக்குப் போடுவதற்காகச் சேர்த்து வைப்பதாகச் சொல்லித் தட்டை உள்ளே எடுத்துச் சென்றுவிட்டார்.

அன்று மாலை அடிமாலியில் பின்சக்கரத்துக்குக் காற்று பிடிக்க நிறுத்திய இடத்தில்தான் குட்டு உடைந்தது. அங்கிருந்த வயதான மலையாளி மெக்கானிக்கிடம், கிளச் மாற்றியிருக்கிறோம், ஆயில் அளவை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் என்றோம். அவர் அளவுக்குச்சியை எடுத்துத் துணியில் துடைத்தார். துணியில் தார் போலக் கறை படிந்தது. பிறகு குனிந்து, எஞ்சினின் வலப்புற மூடியில் இருக்கும் போல்ட் தலை ஒன்றைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். போல்ட்டின் ஓரமெல்லாம் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் செம்மண்ணும் சேர்ந்து இறுகிக் காய்ந்த படலம் இருந்தது. அதில் ஸ்பானர் பட்ட தடமே இல்லை. "இது துறந்நிட்டில்லல்லோ" என்றார், திறக்கவே இல்லையே என்று. அடுத்து, கிளச் கம்பியின் விறைப்பைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரைத் தொட்டுக் காட்டினார்: அதன் லாக் நட் மட்டும் புதிதாகத் திருகப்பட்டு, அதுவரை மறைந்திருந்த மரைகள் பளபளவென்று வெளியே தெரிந்தன. இவ்வளவுக்கும் அவர் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை, காற்றுக்கான காசைத் தவிர.

இந்த மோசடி எப்படி வேலை செய்கிறது என்பது கிளச்சின் அமைப்பு தெரிந்தால் விளங்கிவிடும். இவ்வகை வண்டிகளில் கிளச் பிளேட்டுகள் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே சுழல்கின்றன. ஸ்பிரிங்குகள் அவற்றை ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்திருக்கும், லிவரை இழுத்தால் அந்தப் பிடி தளரும். லிவரின் நுனியில் பொதுவாக 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை வெறும் அசைவு இருக்க வேண்டும். மெக்கானிக்குகள் இதைப் 'பிளே' என்பார்கள். அந்தப் பிளே இல்லாமல் கம்பி விறைப்பாக இருந்தால், நாம் லிவரைத் தொடாதபோதும் பிளேட்டுகள் கொஞ்சம் விலகியே இருக்கும். சமவெளியில் தனியாளாக ஓட்டும்போது இது தெரியாது. இருவரும் சுமையுமாக மலை ஏறும்போது பிளேட்டுகள் வழுக்கத் தொடங்கும், வாடை வரும், எஞ்சின் வீணாக இரையும். எங்கள் வண்டிக்குப் பயணத்துக்கு முந்தைய வாரம்தான் புதுக் கிளச் கம்பி போடப்பட்டிருந்தது. அது பிளே இல்லாமல் விறைப்பாகப் பொருத்தப்பட்டிருந்தது. பட்டறைக்காரர் லிவரை அழுத்திய அந்த ஒரு நொடியிலேயே இதைத் தெரிந்துகொண்டிருப்பார். சில நிமிட வேலை. கம்பியைத் தளர்த்திவிட்டு, வண்டி ஆறும் வரை எங்களைச் சாப்பிட அனுப்பினார். ஆறிய வண்டி நன்றாக இழுத்ததும் புது பிளேட் போட்டதால்தான் என்று நாங்கள் நம்பினோம்.

ஊர் திரும்பியதும் தேனியில், பல ஆண்டுகளாக என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் கொடுத்து, எங்கள் கண் முன்னால் திறக்கச் சொன்னேன். கேஸ்கட் பழையது; மூடியோடு ஒட்டிப்போயிருந்ததைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பிளேட்டுகளின் தடிமனை வெர்னியர் அளவுகோலில் அளந்ததில் தேய்மான வரம்புக்கு வெகு தூரத்தில், இன்னும் நெடுநாள் ஓடக்கூடிய நிலையில் இருந்தன. ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துக்கொண்டோம். பிறகு பட்டறைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். "எந்த வண்டிண்ணே, இங்க தினம் எத்தனையோ வண்டி வருது" என்றவர், படங்களை அனுப்பிய பிறகு ஆயிரம் ரூபாய் திருப்பித் தருவதாகச் சொன்னார். வேலையே செய்யாதவர் மீதிப் பணத்தை எதற்காக வைத்துக்கொள்கிறார் என்று கேட்டேன், இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

பணத்தைவிட என்னைக் கோபப்படுத்தியது அந்த ஆயில்தான். காற்றால் மட்டுமே குளிரும் இந்தச் சிறு எஞ்சினுக்குள் இருப்பது ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில்தான். உயவுக்கும் அதுவே, வெப்பத்தைக் கடத்துவதற்கும் அதுவே, கிளச்சுக்கும் அதுவே. புதிதாக ஊற்றியிருக்கிறது என்ற நம்பிக்கையில் அந்தக் கரிய ஆயிலோடு ஆலப்புழை, கோட்டயம், குமுளி என்று சுற்றிவந்து, அதற்குப் பிறகும் அடுத்த சர்வீஸ் வரை ஓட்டியிருந்தால், 2,400 ரூபாய் போனதோடு எஞ்சின் வேலையும் சேர்ந்திருக்கும். அடிமாலியிலேயே ஆயிலை மாற்றிவிட்டோம். மாற்றும்போது டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்ற தரக்குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். கார்களுக்கான சில ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருப்பதால், அவற்றை ஊற்றினால் நல்ல பிளேட்டும் வழுக்கும்.

மலையில் வண்டி இழுக்காமல் போனால், யாரிடமும் கொடுப்பதற்கு முன் லிவர் நுனியை விரலால் ஆட்டிப் பாருங்கள். பிளே இல்லையென்றால் அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டு, கால் மணி நேரம் வண்டியை ஆறவிட்டு ஓட்டிப் பாருங்கள். போதுமான பிளே இருந்தும், ஆறிய பின்னும் வழுக்கினால்தான் பிளேட்டைச் சந்தேகிக்க வேண்டும். மாற்றத்தான் வேண்டுமென்றால் எவ்வளவு மழை பெய்தாலும் அருகிலேயே நில்லுங்கள். ஆயிலை வடிக்காமல், கிக்கரைக் கழற்றாமல், வலப்புற மூடியை எடுக்காமல் கிளச் பிளேட்டை யாராலும் மாற்ற முடியாது. நிற்க முடியாத நிலை என்றால், மூடியின் இரண்டு போல்ட்டுகளின் குறுக்கே மார்க்கர் பேனாவால் கோடு இழுத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றி மாட்டினால் கோடு அதே நேரில் வந்து சேராது. புதுப் பொருள் வந்த அட்டைப்பெட்டியையும் பழைய பிளேட்டையும் கேட்டு வாங்குங்கள். கருகிய பிளேட்டுகள் எந்தப் பட்டறையிலும் கிடக்கும். தட்டில் காட்டப்படுவது உங்கள் வண்டியினுடையது என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை.

ஏமாற்றப்பட்டவர்கள், கேரளத்துக்கு அலைய வேண்டுமே என்று விட்டுவிடுகிறார்கள். பட்டறைக்காரர்களின் துணிச்சலே அதுதான். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் நடந்ததற்குத் தேனியில் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களுக்குக் கட்டணம் இல்லை, இணையம் வழியாகவும் பதியலாம், இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். பில் தராமல் இருப்பதையே அந்தச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. பணம் அனுப்பிய கைப்பேசிப் பதிவு, அடிமாலியில் எடுத்த போல்ட் படம், தேனியில் திறந்தபோது எடுத்த படங்கள், மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பு ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்திருக்கிறேன். இதே சாலையில் இதே போலத் தட்டில் கருகிய பிளேட்டைக் காட்டி யாரிடமாவது பணம் வாங்கியிருந்தால், பணம் அனுப்பிய பதிவை அழிக்காமல் வைத்திருங்கள். தனித்தனியாகக் கொடுக்கப்பட்டாலும் ஒரே பட்டறை மீது பல புகார்கள் வந்தால், "எந்த வண்டிண்ணே" என்ற பதிலை அவரால் ஆணையத்தின் முன் சொல்ல முடியாது.